தாவோன் தன் எஞ்சினுக்கு மூச்சு கொடுத்த படலம்

வாழ்க தாவோன். பாங்லாவ் கால்வாயின் பதினொரு வளைவுகளையும் கண்ணை மூடிக்கொண்டே கடப்பேன் என்று சொல்லி, ஒருமுறை கடந்தும் பார்த்து, ஒன்பதாவது வளைவில் யாருடைய கழிப்பறைச் சுவரையோ இடித்த அஞ்சா நெஞ்சன், தேங்காய்ப்பால் ஐஸ்கிரீமின் தனிப்பேரரசன், உப்பையும் பனிக்கட்டியையும் ஒரே மரத்தொட்டிக்குள் மோதவிட்டு, அவ்விரண்டும் அடித்துக்கொள்ளும் இடைவெளியில் குளிரை அறுவடை செய்யும் சூழ்ச்சி வல்லான், பிளந்த ரொட்டிக்கு நடுவே மூன்று உருண்டை வைத்து, வறுத்த வேர்க்கடலை தூவி, படகிலிருந்து கரைக்கு ஒரு துளி சிந்தாமல் நீட்டும் நெடுங்கரத்தோன், நாற்பத்திரண்டு வயதுக்காரன், லம்யோங்கின் கணவன். அவனைப் பாடுவோம். பாடுவதற்கு வேறு ஆள் வராததால் நாமே பாடுவோம்.

படகுக்குப் படகு மூக்கிலே வீற்றிருந்து, மூன்று நிறத் துணியுடுத்தி, செண்டுப்பூ மாலை சூடி, கட்டையில் மோதாமலும் பாசியில் சிக்காமலும் படகோட்டிகளைக் காக்கும் அன்னை மே யா நாங் இந்தக் கதையையும் காப்பாளாக. கதையின் பிற்பாதியில் அவளுக்கே ஒரு சங்கடம் நேர இருக்கிறது. அதற்கும் இப்போதே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம்.

மண்ணுக்காகப் போர் புரிந்தோர் உண்டு. பெண்ணுக்காகப் போர் புரிந்தோர் உண்டு. பொன்னுக்காகப் புரிந்தோரைக் கணக்கெடுத்து முடியாது. தாவோன் போர் புரிந்தது நிழலுக்காக. பாங்லாவ் கோயிலின் படித்துறையில், ஞாயிறுதோறும் படகுச் சந்தை கூடும் இடத்தில், கிளைகளைக் கால்வாயின் பாதி அகலத்துக்கு விரித்தபடி ஒரு தூங்குமூஞ்சி மரம் நிற்கிறது. அதன் நிழல் சரியாக ஒரே ஒரு படகின் அளவு விழும். அந்த நிழலின் நடுவே ஒரு மரத்தூண். மழைக்காலத் தவம் முடிந்து பிக்குகள் வெளியே வருகிற மாதத்தின் முதல் ஞாயிறு காலையில், கோயில் முரசு அதிர்ந்ததும், மதகிலிருந்து எல்லாப் படகுகளும் புறப்பட வேண்டும். எந்தப் படகு அந்தத் தூணை முதலில் தொடுகிறதோ அந்தப் படகுக்கே அடுத்த ஓராண்டு அந்த நிழல் சொந்தம். இதுவே பாங்லாவின் சட்டம். யார் எழுதினார்கள் என்று யாருக்கும் தெரியாது, மீறியவரும் கிடையாது.

ஏழு ஆண்டுகளாக அந்த நிழலை ஆண்டுகொண்டிருந்தவள் சங்வான். ஐம்பத்தெட்டு அகவையள், ஓலைத்தொப்பி முடியுடையாள், கொதிக்கும் குழம்புப் பானையைப் படகின் நடுவே ஏற்றி, கிண்ணம் கிண்ணமாக நூடுல்ஸ் விற்கும் கொதிகலக் கொற்றவை. அவள் எஞ்சின் பழசு, அதன் மூடியில் துரு, துருவின்மேல் எண்ணெய்ப் பிசுக்கு. ஆனால் கால்வாயில் எந்த மூலையில் எவ்வளவு ஆழம், எந்த நேரத்தில் எந்தப் பக்கம் நீர் இழுக்கும் என்பது அவளுக்குத் தன் வீட்டுச் சமையலறையைப்போல் தெரியும். ஆகவே அவளை யாரும் வென்றதில்லை.

இங்கேதான் விதியின் ஓரவஞ்சனையைக் காண வேண்டும். கொதிக்கிற பொருளை விற்பவளுக்கு நிழல். உருகுகிற பொருளை விற்பவனுக்கு வெயில். சந்தையில் தாவோனுக்கு வாய்த்த இடம் படித்துறையின் கிழக்கு மூலை, சூரியன் எழுந்த கணத்திலிருந்து அவனையே குறிவைத்துச் சுடும் இடம். ஒன்பது மணிக்கு உருண்டையாக இருந்தது ஒன்பதரைக்குச் சாய்ந்தது. பத்து மணிக்குப் படுத்தது. பத்தரைக்கு ரொட்டியின் இருபுறமும் வழிந்து வாங்கியவரின் முழங்கையை அடைந்தது. வாங்கியவர்கள் முகம் சுளித்தார்கள். மறு வாரம் அவர்கள் வரவில்லை. இரவு முழுக்கத் தேங்காய் துருவிப் பிழிந்த லம்யோங், மீந்துபோன வெள்ளை நீரைக் கால்வாயில் கொட்டும்போது வேறு பக்கம் பார்த்துக்கொள்வாள். தாவோனுக்கு அது வெயிலைவிட அதிகமாகச் சுட்டது.

போன ஆண்டு ஒரு ஞாயிறு, சங்வான் பெருந்தன்மையோடு அவனிடம் ஒரு ரொட்டி வாங்கினாள். பாதி தின்று, மீதியைக் குடித்துவிட்டுச் சொன்னாள்:

"ருசி நல்லாத்தான் இருக்கு தம்பி. அடுத்த தடவை கொஞ்சம் சூடு பண்ணிக் குடு, முழு சூப்பாவே ஆயிடும்."

படித்துறையே சிரித்தது. அந்தச் சிரிப்பொலி தாவோனின் செவிவழிப் புகுந்து, நெஞ்சகத்தே சென்று, அங்கே வெகுகாலமாகத் துயின்றுகொண்டிருந்த வீரத்தைக் காலால் எத்தி எழுப்பியது. அவன் அங்கேயே சூளுரைத்தான். திசைகள் நடுங்கியிருக்க வேண்டிய அந்தச் சூளுரை, உரைக்கப்பட்டபடியே சொன்னால், இதுதான்: "சரி அக்கா, வர்ற வருஷம் பாத்துக்கலாம்."

அன்றிலிருந்து அவன் சிந்தனையெல்லாம் தன் எஞ்சின்மீதே சென்றது. அவன் படகு நெடுவால் படகு. பின்புறம் ஒரு பழைய காரின் நான்கு சிலிண்டர் எஞ்சின் அமர்ந்திருக்கும், அதிலிருந்து நீண்ட கம்பி வாலாக நீரில் இறங்கி நுனியில் விசிறியைச் சுழற்றும். சங்வானின் எஞ்சினைவிட அது பெரிது. ஆயினும் ஆண்டுதோறும் அவன் பின்தங்கினான். ஏன்? இந்த ஒற்றைக் கேள்வியை அவன் மூன்று மாதம் சுமந்து திரிந்தான். ஒருநாள் சளி பிடித்து, மூக்கடைத்து, மாடிப்படி ஏறி மேல்மூச்சு வாங்க நின்றபோது விடை கிடைத்தது. எஞ்சினுக்கு வலு இல்லாமல் இல்லை, அதற்கு மூச்சடைப்பு.

உடனே இறங்கிப்போய் எஞ்சினைப் பிரித்தான். காற்றை உள்ளே கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டையும், எரிந்த புகையை வெளியே தள்ளும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டையும் கழற்றித் தரையில் வைத்து டார்ச் அடித்து உள்ளே பார்த்தான். கண்டான் கொடுமையை. நான்கு தொண்டைகள், நான்கிலும் வார்ப்புச்சாலையின் அவசரம் விட்டுச்சென்ற கரடும் முரடும், பருவும் பிசிறும், மேனிஃபோல்டு எஞ்சினோடு சேரும் வாயிலில் குழாயின் துளை ஒரு பக்கம், எஞ்சினின் துளை மறுபக்கமாக, ஒன்றுக்கொன்று முகங்கொடுக்காத மாமியார் மருமகளாக நின்றன. காற்று பாவம், உள்ளே நுழையும் வழியெல்லாம் தலையில் இடித்துக்கொண்டே போயிருக்கிறது.

தொடங்கியது முற்றுகை. கையில் மின்துளைக் கருவி, அதன் முனையில் சுழலும் சாணைக்கல், கண்ணில் நீச்சல் கண்ணாடி, வாயில் துணி. இக்கோலத்தோடு தாவோன் முதல் தொண்டையின் வாயிலில் நின்றான். எங்கெங்கே குடைய வேண்டும் என்பதைக் குறிக்க உலோக முகத்தில் சாயம் பூசி, அதன்மேல் இரு உலோகத்துக்கும் இடையே வைக்கும் கேஸ்கெட் தகட்டை வைத்து, விளிம்பைக் கீறிக்கொள்ள வேண்டும். சாயம் இல்லை. லம்யோங்கின் உதட்டுச்சாயம் இருந்தது. தங்கையின் திருமணத்துக்கு வாங்கிய, இரண்டே முறை பூசிய, மாதுளை நிறச் சாயம். அது அன்று நான்கு தொண்டைகளின் உதடுகளிலும் அடர்த்தியாக ஏறியது. எஞ்சின் அழகாகத்தான் இருந்தது.

"என் உதட்டுச் சாயம் எங்க?" என்றாள் லம்யோங், வாசலில் நின்று.

"எஞ்சினுக்குப் பூசிட்டேன்."

அவள் கொஞ்ச நேரம் எஞ்சினையும் அவனையும் மாறிமாறிப் பார்த்தாள். "சந்தோஷமா இருங்க ரெண்டு பேரும்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

இருபத்தாறு நாட்கள் சாணைக்கல் அலறியது. இரும்புத் துகள் பறந்தது. பக்கத்து வீட்டு நாய் இடம் மாறியது. தாவோனின் தும்மலிலும் உலோகம் வந்தது. கரடு சாய்ந்தது, முரடு மாய்ந்தது, பிசிறுகள் பெயரின்றி அழிந்தன. இரண்டு துளைகளும் ஒன்றையொன்று நேருக்குநேர் நோக்கின. தடித்துக் கிடந்த எக்ஸாஸ்ட் வார்ப்பைத் தூக்கியெறிந்துவிட்டு, வெல்டிங் பட்டறையில் போய், நான்கு குழாய்களை ஒரே நீளத்தில் வளைத்து, நான்கையும் ஒரே வாயில் சேர்த்து, வானம் நோக்கி நிமிர்த்தினான். ஏர் ஃபில்டரைக் கழற்றி வீசினான். அதன் இடத்தில், காற்றையும் எரிபொருளையும் கலந்தனுப்பும் கார்புரேட்டரின் வாயில், காற்றை வாரி வாரி உள்ளே அனுப்ப ஒரு கொம்பு வேண்டும். லம்யோங் தேங்காய்ப்பால் ஊற்றும் அலுமினியப் புனல் அதற்கு அளவெடுத்ததுபோல் பொருந்தியது. அதைப்பற்றி அவள் கேட்டதை இங்கே எழுதவில்லை.

காற்று உள்ளே எப்படி ஓடுகிறது என்று பார்க்க வேண்டுமே. புகையைக் காட்டினால் வழி தெரியும். ஆகவே தாவோன் தொண்டைகளின் வாயில் ஒன்பது ஊதுவத்திகளைக் கொளுத்தி வைத்து, மறுமுனையில் மின்விசிறியால் இழுத்து, மண்டியிட்டுக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். கால்வாயில் போன படகுகள் இதைக் கண்டன. ஓர் இரும்பு, அதன் முன்னே ஊதுவத்தி, அதன் முன்னே மண்டியிட்ட மனிதன். பாங்லாவில் இதற்கு ஒரே ஒரு பொருள்தான் உண்டு: அந்த இரும்பில் அதிர்ஷ்டம் தரும் தெய்வம் இறங்கியிருக்கிறது. மாலைக்குள் பதினான்கு பேர் வந்து, மேனிஃபோல்டின்மேல் வாசனைப் பவுடர் தடவித் தேய்த்து, லாட்டரி எண் தெரிகிறதா என்று பார்த்தார்கள். ஒருத்திக்கு 47 தெரிந்தது. தாவோன் இரண்டு நாள் மண்ணெண்ணெய் விட்டுப் பவுடரைக் கழுவினான்.

பூட்டிக் கிளப்பியபோது அந்த எஞ்சின் எழுப்பிய ஒலி இருக்கிறதே, அது உறுமல் அல்ல, முழக்கம் அல்ல. பல்லாண்டு மூக்கடைப்பு நீங்கிய ஒருவன் முதன்முதலாக விடும் பெருமூச்சு. கொம்பின் வாயருகே கையை வைத்தால் கையை இழுத்தது. தாவோனின் கண்ணில் நீர் வந்தது. லம்யோங்குக்கும் வந்தது, அவளுக்குப் புகையினால்.

இவ்வாறு காற்றையே நினைத்து, காற்றையே உண்டு, காற்றோடு கனவில் பேசிய அவனுக்குப் போருக்கு முந்தின நாள் ஒரு ஞானம் பிறந்தது. படகின் மூக்கைப் பார்த்தான். அங்கே அன்னை மே யா நாங்கின் சிவப்பு, பச்சை, மஞ்சள் துணிகளும், லம்யோங் அன்று காலை புதிதாகக் கட்டிய செண்டுப்பூ மாலையும் காற்றில் படபடத்துக்கொண்டிருந்தன. மற்றவர்கள் அங்கே தெய்வத்தைக் கண்டிருப்பார்கள். தாவோன் கண்டது எதிர்க்காற்றில் ஓர் இழுவை. துணிகளை எடுத்துவிட அவனுக்குத் துணிவில்லை. அன்னை இல்லாமல் படகை எடுக்கிறவன் அந்தக் கால்வாயில் பிறக்கவில்லை. வைத்திருக்கவும் மனமில்லை. ஆகவே அன்னையை மரியாதையாகக் கைகூப்பி வணங்கி, இடமாற்றம் செய்தான். காற்றே படாத இடம் பின்புறம். பின்புறத்தில் உயர்ந்தது, புதியது, பளபளப்பது எது? அந்தக் கொம்புதான். அதன் கழுத்தில் மூன்று துணியையும் சுற்றி, மாலையையும் சாற்றி, இரண்டு முடிச்சுப் போட்டான்.

"அம்மா மூக்குலதானே இருப்பாங்க," என்றாள் லம்யோங்.

"பலம் எங்க இருக்கோ அங்க இருக்கட்டும்."

"அவங்களைக் கேட்டீங்களா?"

தாவோன் முடிச்சை இன்னொரு முறை இறுக்கினான். கேட்டிருக்கலாம்.

விடிந்தது ஞாயிறு. மதகின் முன்னே பன்னிரண்டு படகுகள் அணிவகுத்தன. மாம்பழப் படகு, பூப்படகு, வறுத்த மீன் படகு, ஒவ்வொன்றும் அன்று முழுக்க விற்க வேண்டிய சரக்கோடு. சரக்கில்லாமல் ஓடினால் செல்லாது என்பதும் சட்டம். தாவோனின் படகில் உப்பும் பனிக்கட்டியும் நிறைந்த தொட்டி, நடுவில் லம்யோங். பக்கத்தில் சங்வான், பானையின் மூடியைக் கயிற்றால் இறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் கொம்பைப் பார்த்தாள். கொம்பின் கழுத்து மாலையைப் பார்த்தாள்.

"என்ன தம்பி, எஞ்சினுக்குக் கல்யாணமா?"

"முடிஞ்சப்பறம் சொல்றேன் அக்கா."

முரசு அதிர்ந்தது. பன்னிரண்டு நெடுவால்களும் நீரைக் கிழித்தன. அலை எழுந்து இருகரைப் படிகளையும் கழுவ, கரையோர வீடுகளின் காயப்போட்ட துணிகள் எல்லாம் நனைய, கொக்குகள் கூட்டமாக ஊரைவிட்டே கிளம்ப, தாவோன் கைப்பிடியை முறுக்கினான். நான்கு தொண்டைகளும் ஒருசேரத் திறந்தன. இருபத்தாறு நாள் சாணை பிடித்த வழியெங்கும் காற்று தடையின்றி, இடியின்றி, அரசன் வீதியில் உலாப் போவதுபோல் உள்ளே போயிற்று. படகு மூக்கைத் தூக்கியது. மூன்றாம் வளைவில் மாம்பழம் பின்னே சென்றது. ஐந்தாம் வளைவில் மீன் சென்றது. எட்டாம் வளைவில், ஏழாண்டுகளில் முதன்முறையாக, தாவோன் சங்வானின் ஓலைத்தொப்பியைப் பின்பக்கமாகத் திரும்பிப் பார்த்தான். அந்த ஒரு கணத்துக்காக அவன் உயிரையே கொடுத்திருப்பான். லம்யோங் தொட்டியை இரு கைகளாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு முதன்முதலாகச் சிரித்தாள்.

பத்தாம் வளைவு இடப்பக்கம் கூர்மையாகத் திரும்பும். படகு சாய்ந்தது. அதுவரை பின்னோக்கிப் பறந்த துணிகள், காற்று திசைமாறியதால், ஒரு கணம் தலைகீழாய்ப் புரண்டு, திறந்த கொம்பின் வாய்க்கு நேரே வந்தன. தன் மூச்சின் வலிமையை அந்த எஞ்சின் தானே அறியாது. இழுத்தது. முதலில் சிவப்புப் போயிற்று. சிவப்பின் பின்னே பச்சை. பச்சையின் பின்னே, முடிச்சு அவிழ்ந்து, செண்டுப்பூ மாலை, நூலோடும் நாரோடும் நூற்றெட்டுப் பூக்களோடும், குடைந்து மெருகேற்றிய நான்கு வழிகளிலும் தங்குதடையின்றி உள்ளே எழுந்தருளியது. பழைய கரடு இருந்திருந்தால் பாதியாவது வெளியே நின்றிருக்கும்.

எஞ்சின் ஒருமுறை விக்கியது. இருமுறை இருமியது. பிறகு வானம் நோக்கி நிமிர்ந்த அந்த ஒற்றைக் குழாயிலிருந்து, பேரொலியோடு, கருகியும் கருகாமலும் செண்டுப்பூ இதழ்கள் கொத்துக் கொத்தாய்ப் பீறிட்டு எழுந்து, காற்றில் விரிந்து, அந்நேரம் சரியாகப் பக்கத்தில் வந்து கடந்துகொண்டிருந்த சங்வானின் தொப்பிமீதும் தோள்மீதும் பானைமீதும் மழையாய்ப் பொழிந்தன. வென்றவர்மேல் விண்ணோர் பூமாரி பொழிவார்கள் என்று படித்திருக்கிறோம். தோற்றவனே தன் சைலன்சரால் பொழிந்த பூமாரியைப் பாங்லாவில்தான் கண்டோம்.

எஞ்சின் நின்றது. மஞ்சள் துணி மட்டும் கொம்பிலிருந்து நாக்குபோல் வெளியே தொங்கியது. படகு நீர் இழுத்த பக்கம் மெல்ல நகர்ந்தது. தாவோன் கைப்பிடியை விடாமல் உட்கார்ந்திருந்தான். இன்னும் ஓராண்டு கிழக்கு மூலை. இன்னும் ஓராண்டு வெள்ளை நீரைக் கொட்டும் லம்யோங்கின் திரும்பிய முகம். தொண்டை அடைத்தது, இந்தமுறை அவனுடையது.

அப்போது ஒரு கயிறு வந்து அவன் மடியில் விழுந்தது. சங்வான் வேகத்தைக் குறைத்து, திரும்பி, தலைமயிரிலிருந்து ஓர் இதழைத் தட்டிக்கொண்டே நின்றாள்.

"கட்டு தம்பி. மத்தவங்க வர்றதுக்கு நேரம் இருக்கு. உன்னை இங்க விட்டுட்டுப் போனா வழியை அடைச்சிக்கிட்டு நிப்ப."

அவன் கட்டினான். தோற்ற வேந்தனை வென்றவள் தேர்க்காலில் கட்டி இழுத்துச் செல்லும் காட்சியாக அது நடந்தது; ஒரே வேறுபாடு, வேந்தனின் மனைவி அவளிடம் நன்றி சொல்லிக்கொண்டே வந்தாள். பதினோராம் வளைவு கழிந்தது. படித்துறையில் ஊரே கூடி நின்றது. தூணுக்கு இருபது முழம் இருக்கையில் சங்வான், எல்லோரும் செய்வதுபோல், எஞ்சினை நிறுத்தினாள். அவள் படகு இலேசு, சட்டென்று தணிந்தது. தாவோனின் படகிலோ கார் எஞ்சின், உப்பு, பனிக்கட்டி, ஐஸ்கிரீம், லம்யோங், அனைத்துக்கும் மேலாக ஒரு மாபெரும் துயரம். அது நிற்கவில்லை. கயிறு தொய்ந்தது, பனிக்கட்டி குலுங்கியது, படகு ஓசையே இன்றிச் சங்வானின் தோளை உரசிக் கடந்து, ஏழாண்டுக்காலம் எட்டாதிருந்த அந்தத் தூணில் போய் 'டொக்' என்று முட்டியது.

எல்லாக் கண்களும் கோயில் கமிட்டித் தலைவர் பிரசோப்பை நோக்கின. எழுபது வயதான அவர் தூணைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார், கொம்பில் தொங்கும் மஞ்சள் துணியைப் பார்த்தார். பிறகு தீர்ப்புரைத்தார்:

"தூணை முதல்ல தொட்ட படகு எதுன்னுதான் நம்ம வழக்கம். எஞ்சின் ஓடுச்சா இல்லையான்னு வழக்கத்துல எங்கயும் இல்ல. நிழல் தாவோனுக்கு."

"கயிறு என்னோடது மாமா," என்றாள் சங்வான்.

"கயிறைத் திருப்பி வாங்கிக்க."

சங்வான் சண்டை பிடிக்கவில்லை. அண்ணாந்து வானத்தை ஒருமுறை பார்த்தாள், கயிற்றைச் சுருட்டினாள், படகைக் கிழக்கு மூலைக்குத் திருப்பினாள். போகும்போது, "நல்லா நிழல்ல உக்காரு தம்பி," என்றாள்.

இவ்வண்ணமாக, நான்கு தொண்டைகளைக் குடைந்து, இருபத்தாறு நாள் இரும்பைத் தின்று, உதட்டுச்சாயத்தையும் புனலையும் அன்னையின் ஆடையையும் வேள்வியில் இட்டு, இறுதியில் ஒரு மூச்சுக் காற்றும் இன்றிப் போரை வென்ற நீர்வழி நெடுவாலன், நிழல்கொண்ட செம்மல், உருகுபொருள் காவலன் தாவோன், மஞ்சள் துணியை அவிழ்த்துத் தன் கையாலேயே படகின் மூக்கில் மீண்டும் கட்டி, மூன்றுமுறை வணங்கி, தூங்குமூஞ்சி மரத்தின் கருநிழலில், அரியணையில் அமர்வான் போன்று, தன் மரத்தொட்டியின் அருகே அமர்ந்தான்; லம்யோங் மூடியைத் திறந்தாள்; உள்ளே ஐஸ்கிரீம் கல்லாய் உறைந்து, உருகாமல், அப்படியே இருந்தது.

பதினோரு மணிக்கு மழை பிடித்துக்கொண்டது, அதன்பின் ஐஸ்கிரீம் ஒன்றுகூட விலைபோகவில்லை, மதியம் அவர்கள் இரண்டு பேரும் சங்வான் அக்காவிடம் ஆளுக்கொரு கிண்ணம் நூடுல்ஸ் வாங்கிச் சாப்பிட்டார்கள்.